சிரிப்பு மருத்துவமும் நோயாளியின் தாய்மொழியும்

(தமிழ் மன்றமொன்றின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு திரைப்படம். அதிலும் அழவைக்கும் படமன்று. வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் படம். போதாக்குறைக்குக் காதலும் கலந்த படம். வேர்ச்சொல் ஆய்வும் கழக இலக்கியமும் முழங்கிய மேடையில் இஃதென்ன கூத்து என்று மூத்தோர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகின்றது. அவர்களுக்கு என் விடை இது: நம் இளைஞர் எதைப் பார்க்கின்றனரோ அதைப் பற்றி நாம் வாய்திறவாமல் இருந்தால், பேசும் வேலையைப் படமுதலாளிகளின் விளம்பரத்தாரே செய்துமுடித்துவிடுவர். மேலும், தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது முதலிடத்தை அழுகைக்குக் கொடுக்கவில்லை, வீரத்துக்கும் கொடுக்கவில்லை. நகைக்கே கொடுத்தார். ஆகவே நகையைப் பற்றி ஒரு பொழுது பேசுவதால் இம்மேடைக்கு இழுக்கு வந்துவிடாது.

2004-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 12-ஆம் நாள் வெளிவந்தது அப்படம். பெயர் 'வசூல்ராசா எம்.பி.பி.எசு.' இயக்கியவர் சரண், உரையாடல் எழுதியவர் கிரேசி மோகன், பாடல்கள் வைரமுத்து, இசை பரத்துவாசு. கமலகாசன் கதைத்தலைவன், சினேகா தலைவி. தலைவனின் நிழலாக வட்டி என்னும் பெயரில் பிரபு, மருத்துவக் கல்லூரி முதல்வராகப் பிரகாசுராசு, தந்தையாக நாகேசு. கதை நம்முடையதன்று. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் இராசுகுமார் இரானி இந்தியில் எடுத்த 'முன்னாபாய் எம்.பி.பி.எசு.' என்னும் படத்தின் மறுவடிப்பு. தாயாக வரும் உரோகிணி அத்தங்கடி இந்திப் படத்திலும் அதே தாயாக நடித்தவர். தெலுங்கில் 2004-இலேயே 'சங்கர் தாதா' ஆயிற்று; கன்னடத்தில் 2006-இல் 'உப்பி தாதா' ஆயிற்று. நான்கு மொழியிலும் தலைவன் பெயர் மாறியது; வாலாகத் தொங்கும் எம்.பி.பி.எசு. மட்டும் மாறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாலைப் பின்னர்ப் பிடிப்போம்.

கதை எளியது. சென்னையில் அடிதடி செய்து கடன் தண்டும் ஒருவன், தன் பெற்றோரிடம் தான் மருத்துவன் என்று பொய்யுரைத்து வைத்திருக்கிறான். அவர்கள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் வீட்டையே மருத்துவமனையாக மாற்றி, தன் அடியாட்களைக் கட்டிலில் படுக்கவைத்து நோயாளியாக்கி விடுகிறான். ஒரு நாள் குட்டு வெளிப்படுகிறது. மெய்யான மருத்துவர் விசுவநாதன், தம் மகள் சானகியை இவனுக்குக் கேட்டுவந்த பெற்றோரை அவமதித்து அனுப்புகிறார். வெகுண்ட மகன், அந்த விசுவநாதன் முதல்வராக இருக்கும் மருத்துவக் கல்லூரியிலேயே, நுழைவுத் தேர்வை வேறொருவரைக் கொண்டு எழுதுவித்து, மாணவனாகச் சேர்ந்துவிடுகிறான். அங்கே மருத்துவராகப் பணியாற்றும் சானகியோ, தானே அந்தப் பெண் என்று காட்டிக்கொள்ளாமல் அவனை நெடுநாள் ஏய்த்து விளையாடுகிறாள். காதலன் தேடிக்கொண்டே இருக்கிறான். தேடப்படுபவள் எதிரே நின்று வழிகாட்டிக்கொண்டே இருக்கிறாள். இந்த ஒளிந்துபிடி ஆட்டந்தான் படத்தின் காதற்பகுதி. (ஆள்மாறாட்டத்தை அன்று நாம் வேடிக்கையாகப் பார்த்தோம். 2019-இல் தமிழ்நாட்டிலேயே மருத்துவ நுழைவுத் தேர்வில் ஆள்மாறாட்டம் வெளிப்பட்டு மாணவர் சிறை புகுந்தபோது எவரும் சிரிக்கவில்லை.)

இனிப் பெயருக்கு வருகிறேன். நம்மவர் முதலில் கேட்பது அதைத்தானே! மூன்று உறுப்பு அப்பெயருக்கு. 'வசூல்' அரபு மொழியில் பிறந்து உருது வழியாக நம் வரிக்கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்ட சொல். 'ராசா' வடசொல், அரசன் என்னும் நம் சொல்லே வடக்கே சென்று உருத்திரிந்து திரும்பியது என்று சொல்லாய்வாளர் சிலர் கூறுவர், அவ்வாறே கொள்ளினும் திரும்பி வந்த வடிவம் நம்முடையதன்று. 'எம்.பி.பி.எசு.' ஆங்கிலம் என்பீர்கள். அதுவும் இல்லை! 'மெடிசினே பாக்கலௌரியசு, பாக்கலௌரியசு சிருர்சியே' என்னும் இலத்தீனத் தொடரின் சுருக்கம் அது. அரபு ஒன்று, ஆரியம் ஒன்று, இலத்தீனம் ஒன்று. தமிழ்ப் படத்தின் பெயரில் தமிழ் மட்டும் இல்லை.

இதில் வருந்தத்தக்கது என்ன தெரியுமா? அந்தக் கதைத்தலைவன் செய்யும் தொழிலுக்கு அவன் வாழும் தெருவிலேயே தூய தமிழ்ச்சொல் உயிரோடு உலவுகிறது. வடசென்னையில் காய்கறிக் கூடைக்காரியிடம் போய், நாள்தோறும் வந்து கடன் பிரித்துச் செல்பவனை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'தண்டல்காரன்' என்பாள். 'தண்டலுக்கு வாங்கினேன்' என்பாள். தண்டுதல் என்றால் திரட்டுதல். ஊர்மக்கள் நாவில் உள்ள சொல்லை விட்டுவிட்டு, அலுவலக ஏட்டில் உள்ள அயற்சொல்லை எடுத்து ஊர்மக்கள் கதைக்குச் சூட்டினர். தூய தமிழ் என்பது பண்டிதர் அறையில் பூட்டிக்கிடக்கும் பொருள் என்று நம்மைப் பழிப்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

பெயரை இவ்வளவு கடிந்தபின் படத்தையும் கடிவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. இந்தப் படம் நம் மருத்துவமனைகளைப் பற்றி மெய்யொன்றைச் சொல்கிறது. தான் சொல்வது முழுதும் இன்னதென்று அதற்கே தெரியவில்லை என்பதுதான் என் குறை.

முதல் வகுப்பிலேயே அந்த மெய் வந்துவிடுகிறது. நோயாளியிடம் அன்புகாட்டுவது மருத்துவனுக்கு ஆகாது, உடல் ஓர் உடல், நோய் ஒரு நோய் என்னும் போக்கில் முதல்வர் பாடம் எடுக்கிறார். அப்போது இந்தப் போலி மாணவன் எழுந்து, சாகுந்தறுவாயில் ஒருவன் வந்தால் படிவம் நிரப்பிய பிறகுதான் மருத்துவம் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறான். அவன் மருத்துவ அறிவிலிருந்து அக்கேள்வி பிறக்கவில்லை. அது அவனுக்கு இல்லவே இல்லை. நகை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியர் கூறுவார். அவற்றுள் எள்ளலும் உண்டு, பேதைமையும் உண்டு. இக்காட்சியில் பேதைமையே எள்ளலாகிவிடுகிறது. அறியாதவன் கேட்கிறான், அறிந்தவர் விழிக்கிறார். சினம் தலைக்கேறும் போதெல்லாம் சிரித்துச் சினத்தை அடக்கிக்கொள்ளும் பழக்கமுடைய அம்முதல்வர், அதன்பின் படம் முழுதும் சிரித்துக்கொண்டே இருக்க நேர்கிறது. திரையரங்கில் மக்களும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு கைமருந்து. மக்களுக்கு அது நெடுநாள் ஆற்றாமை வெளிப்பட்ட வழி.

படிவம் என்றதும் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. என் தாய்மாமன் ஒருவர் நெசவாளர். குழித்தறியில் மிதிகட்டையை மிதித்தே வாழ்நாளைக் கழித்தவர். நீரிழிவு முற்றிக் காலில் புண் ஆறாமல் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். ஊரும் மனையின் பெயரும் வேண்டா. மாலையில் ஒரு தாளை நீட்டினார்கள். மேலிருந்து கீழ்வரை ஆங்கிலம். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். "எல்லார்க்கும் வாங்குவதுதான் பெரியவரே, போடுங்கள்" என்று விடை. தமிழில் அழகாகக் கையெழுத்திடுவார்; இட்டார். புண்ணைத் துடைத்துக் கட்டப்போகிறார்கள் என்றே எண்ணி உள்ளே போனவர், மறுநாள் விழித்தபோது வலக்காலில் இரண்டு விரல்கள் இல்லை. எடுத்தது சரியாகவே இருக்கலாம்; எடுக்காவிடில் காலே போயிருக்கலாம். நான் பார்க்கச் சென்றபோது அவர் எவரையும் திட்டவில்லை. "மாப்பிள்ளை, எடுக்கப்போகிறோம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனை ஆண்டு தறி மிதித்த விரல். போகுமுன் ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

தோழர்களே, அந்தத் தாள் ஒப்புதல் படிவம் எனப்படுவது. ஒருவனுக்குப் புரியாத மொழியில் எழுதி அவனிடம் பெறுவதற்கு ஒப்புதல் என்று பெயரா? ஒருவர் எதற்கு ஒப்பினாரோ அதற்கு மேல் அறுவை செய்வது செல்லாது, ஒப்புதல் என்பது விளங்கிக்கொண்டு தரும் ஒப்புதலாக இருக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றமே 2008-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. 2018-இல் மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயமும், நோயின் தன்மையையும் மருத்துவ முறையையும் நோயாளி அறிந்த மொழியில் அவருக்கு விளங்குமாறு கூறவேண்டும் என்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. கட்டிலருகே தான் இல்லை.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். அந்த மருத்துவமனையில் நோயாளிகளை உண்மையில் தேற்றுபவன் யார்? ஊசி போடத் தெரியாதவன். ஒரு மருந்தின் பெயரும் அறியாதவன். வாழ்வில் பற்றற்று உணவை மறுக்கும் முதியவர் ஒருவரை, மருந்து கொடுத்தல்ல, கேரம் பலகையைக் கொண்டு எழுப்புகிறான். துப்புரவுத் தொழிலாளி, தான் துடைத்த தரையை மிதித்துப் போகிறவர்கள் மீதெல்லாம் சீறுகிறார். அவரைக் கட்டித் தழுவுகிறான், சீற்றம் அடங்குகிறது. நெடுநாளாக அசைவின்றிச் சக்கர நாற்காலியில் கிடக்கும் ஒருவரை மாணவர்க்குக் காட்சிப்பொருளாக முதல்வர் நிறுத்துகையில், இவன் மட்டும் அவரை ஆனந்து என்று பெயர்சொல்லி அழைத்துப் பேசுகிறான். விடை வராது என்று தெரிந்தும் பேசுகிறான். இவற்றையெல்லாம் தழுவித்தான் 'கட்டிப்பிடி வைத்தியம்' என்னும் தொடர் அப்படத்தால் நாடெங்கும் பரவியது. (பாதி தமிழ், பாதி வடமொழி. 'கட்டிப்பிடி மருத்துவம்' என்றால் நா சுளுக்கிக்கொள்ளுமா?)

திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் இருக்கிறது, 95-ஆவது. அதன் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒன்று, அதைத் தீர்ப்பவன் ஒன்று, மருந்து ஒன்று, உடனிருந்து துணைசெய்பவன் ஒன்று. வரிசையைக் கவனியுங்கள். நோயாளி முதலில் நிற்கிறான், மருத்துவன் இரண்டாமவனே. நான்காமவனையோ இன்றைய மருத்துவமனை கணக்கிலேயே கொள்வதில்லை. கட்டிலைத் தள்ளுபவர், துடைப்பவர், கஞ்சி ஊட்டுபவர், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர் என அந்நான்காம் கூறு எத்தனையோ பேர். நம் வசூல்ராசா இரண்டாம் கூறாக வேண்டும் என்று மருத்துவமனைக்குள் நுழைந்து, தன்னையறியாமல் நான்காம் கூறாகிவிட்டவன். பட்டம் அவனுக்குக் கிட்டவில்லை. இறுதியில் தேர்வையே விட்டு வெளியேறுகிறான். ஆனால் நான்காம் கூறுக்குப் பட்டம் எதற்கு?

இவ்விடத்தில் ஒரு பழம்படத்தைச் சொல்லாமல் நான் நகரமுடியாது. 1962-இல் சிரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. ஏறத்தாழ முழுக்கதையும் மருத்துவமனைக்குள்ளேயே நிகழும். கலியாண்குமார் மருத்துவர், முத்துராமன் நோயாளி, தேவிகா நோயாளியின் மனைவி. மருத்துவரின் பழைய காதலி. நெஞ்சைப் பிழியும் துயரக்கதை. அந்தத் துயரத்தினூடே மக்களைச் சிரிக்கவைக்கும் பொறுப்பு எவர் தோளில் விழுந்தது? மருத்துவமனை ஊழியனாக வரும் நாகேசின் தோளில். அங்கும் நான்காம் கூறுதான்! 42 ஆண்டு கழித்து அதே நாகேசு, மகன் மருத்துவன் என்று நம்பி ஏமாறும் நாட்டுப்புறத் தந்தையாக இந்தப் படத்தில் வந்து கண்கலங்க வைக்கிறார். எனக்கு இஃது ஏதோ வட்டம் முழுமையடைந்ததுபோல் தோன்றும்.

ஏன் மருத்துவமனைக் கதைகளில் சிரிப்பு எப்போதும் மருத்துவரிடமிருந்து பிறவாமல் ஊழியனிடமிருந்தே பிறக்கிறது? நான் கண்ட விடை இது. மருத்துவர் பேசும் மொழி வேறு. ஊழியன் பேசும் மொழி நோயாளியின் மொழி. நகைச்சுவை என்பது இருவர்க்கும் ஒரே மொழி இருந்தால்தான் பிறக்கும். அரையுங்குறையுமாக விளங்கும் ஆங்கிலத்தில் ஒருவரும் வயிறு குலுங்கச் சிரித்ததில்லை. 'உனக்கொன்றுமில்லை, எழுந்து உட்கார்' என்று தாய்மொழியில் சொல்லும்போது நோயாளியின் முகத்தில் தோன்றுகிற அந்தச் சிறு மலர்ச்சி, அடுத்த வேளை மருந்துக்கும் முற்பட்டது.

ஆனால் வசூல்ராசா பேசுவது செந்தமிழா என்று கேட்பீர்கள். இல்லை, சென்னைத் தெருப்பேச்சு. உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் பிசைந்த கொச்சை. அதை நான் போற்றவில்லை. கொச்சையைக் கடியும் கடமை நமக்கு என்றும் உண்டு. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அந்தக் கொச்சை ஒருவனோடு பேசுகிறது, முதல்வரின் ஆங்கிலம் ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. கட்டிலில் கிடப்பவனைச் சுற்றி ஐவர் நின்று, அவன் தலைக்கு மேலே அவன் உடலைப் பற்றி அவனுக்குத் தெரியாத மொழியில் உரையாடுவதைக் காட்டிலும் பெருந்தனிமை உண்டோ? தெருப்பேச்சின் குற்றம் திருத்தத்தக்க குற்றம். அந்தத் தனிமை திருத்தப்படாமலேயே நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

கிரேசி மோகனைப் பற்றியும் ஓரிரு சொல். 2019 சூன் 10-இல் மறைந்த அவர் பொறியியல் படித்தவர். நாடக மேடையிலிருந்து வந்தவர். இந்தப் படத்தில் ஆள்மாறாட்டத்துக்கு உதவும் மார்க்கபந்து என்னும் மருத்துவராகவும் அவரே தோன்றுகிறார். ஒரு சொல்லை எடுத்து இருபொருளில் உருட்டி, அடுத்த சொல்லில் முடிச்சவிழ்த்து, நாம் சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவதை எறியும் திறம் அவருடையது. இரட்டுற மொழிதல் தமிழுக்குப் புதியதன்று. காளமேகப் புலவர் அதில் கொடிகட்டிப் பறந்தவர். ஆனால் மோகனின் இரட்டுறல்களில் பல, ஒரு கால் தமிழிலும் ஒரு கால் ஆங்கிலத்திலும் வைத்து நிற்பவை. ஆங்கிலம் தெரியாத நம் ஊர்த் தாய்மார் அவ்விடங்களில் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தனர். மருத்துவமனையின் குறையைச் சொல்லவந்த படம் அதே குறையைத் திரையரங்குக்குள் சிறிது கொண்டுவந்துவிட்டது. திறமை மிக்கவரிடம் இதைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

காதலைப் பற்றிச் சொல்லவில்லையே என்று இளந்தோழர் ஒருவர் கண்ணால் கேட்கிறார். சொல்கிறேன். காதல் நாடகமும் மருத்துவப் பணியும் தமிழில் ஒரு சொல்லில் சந்திக்கின்றன. 'செவிலி'. அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய் செவிலி. தலைவியின் மெலிவைக் கண்டு உள்ளத்து நோயை முதலில் ஐயுறுபவளும் அவளே. தலைவி உடன்போக்குச் சென்றபின் சுரவழியில் தேடிச் செல்பவளும் அவளே. நோயாளியைப் பேணும் மகளிர்க்குச் செவிலியர் என்று பெயரிட்டவர் எவராயினும், அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பணியின் பெயரிலேயே தாய்மை வந்துவிட்டது. ஆனால் நம் மருத்துவமனைகளில் நடப்பதென்ன? 'சிசுட்டர்' என்று விளிக்கிறோம். உடன்பிறந்தாள் என்று பொருள். அயல்நாட்டுத் துறவியர் மனைகளிலிருந்து வந்த விளி அது. திரைப்படங்களிலோ 'சிசுட்டர், சிசுட்டர்' என்று வாய் ஓயாது அழைத்துக்கொண்டே அவர்களைக் காதலிக்கவும் செய்கிறார்கள்! பொருள் தெரியாமல் சொல்லை வழங்கினால் உறவுமுறையே குழம்பும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி அந்த வாலைப் பிடிப்போம். படம் வெளிவருமுன் மருத்துவர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அடியாள் ஒருவன் பெயரோடு தங்கள் பட்டத்தை ஒட்டுவது மருத்துவத் தொழிலுக்கு இழுக்கு என்று வழக்கும் தொடுத்தனர். படம் அப்பெயரோடேயே வெளிவந்தது. அவர்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு எழுத்துக்கு வந்த இழுக்கை உணர்ந்து வழக்குமன்றம் ஏறியவர்கள், அந்த நான்கு எழுத்தைத் தம் நோயாளிகளுள் ஒருவர்க்கேனும் விரித்துச் சொல்லத் தெரிந்தவர்களா? மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் 'ஆர்எக்சு' என்றொரு குறி. இலத்தீனத்தில் 'எடுத்துக்கொள்' என்று பொருள். கீழே 'பி.டி.' என்றால் நாளுக்கு இருமுறை, 'டி.டி.எசு.' என்றால் மும்முறை, 'எச்.எசு.' என்றால் உறங்கும் பொழுது. உரோமாபுரி விழுந்து 1500 ஆண்டு கடந்தும், உசிலம்பட்டிக் கிழவி இரவில் எத்தனை வில்லை விழுங்கவேண்டும் என்பதை உரோமர் மொழிதான் முடிவு செய்கிறது. 'காலை, மாலை, இரவு' என்று எழுத எத்தனை நொடி செல்லும்? சில மருத்துவர் அவ்வாறே எழுதுகின்றனர். அவர்கள் வாழ்க.

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கவே இயலாதே, பின் எப்படி மருத்துவர் தமிழில் பேசுவர் என்பார்க்கு நாம் காட்டவேண்டிய இடம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாய். அங்கே 1847-இல் வந்திறங்கினார் சாமுவேல் பிசுக் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1822-இல் பிறந்தவர், வரும்போது தமிழ் ஓரெழுத்தும் அறியாதவர். நோயாளிக்கு விளங்கவேண்டுமானால் மருத்துவனுக்குத் தமிழில் அறிவு வேண்டும் என்று கண்டு, தாமே தமிழ் கற்று, மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றினார். 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவ நூல் 1867-இல் வெளிவந்தது. உடற்கூறு, வேதியியல் என்று மேலும் பல நூல்கள் அவர் முயற்சியில் தமிழுக்கு வந்தன. அவற்றின் கலைச்சொற்களில் வடசொல் மிகுதி என்பதை நாம் மறைக்கவேண்டா. அக்காலத்து நடை அது. ஆனால் 150 ஆண்டுக்கு முன் ஓர் அயலார்க்கு இயன்றது நமக்கு ஏன் இயலவில்லை? 1884-இல் தம் நாட்டில் மறைந்த அவர், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என விரும்பியவர். ஈழத்துத் தமிழர் அவரை இன்றும் மறக்கவில்லை. நம் மருத்துவ மாணவருள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கின்றனர்?

முன்னாபாயின் மொழியிலும் ஒரு முயற்சி நடந்தது. 2022 அக்டோபர் 16-இல் போபாலில் முதலாண்டு மருத்துவப் பாடநூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டன. பார்த்தவர் பலர் சொன்னது, கலைச்சொற்களிற் பெரும்பாலானவை ஆங்கிலமே, எழுத்து மட்டும் நாகரி என்பது. அஃது அவர்கள் பாடு. எழுத்தை மாற்றி உடுத்திய ஆங்கிலம் நமக்கு வேண்டா. நம்மிடம் குருதி இருக்கிறது, நாளம் இருக்கிறது, நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், தண்டுவடம் எல்லாம் இருக்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் இச்சொற்களிலேயே படித்துத் தேறுகின்றனர். மருத்துவக் கல்லூரி வாயிலில் அவற்றைச் செருப்புப்போல் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்கிறோம்.

திரைப்படப் பெயர்களைத் தமிழாக்கும் போராட்டம் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் சூடுபிடித்ததையும், 2006-இல் தமிழ்நாட்டு அரசு தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரியை நீக்கியதையும் நீங்கள் அறிவீர்கள். 'எம்டன் மகன்' ஒரே இரவில் 'எம் மகன்' ஆனான். வரியை மிச்சப்படுத்தவே மாறினர் என்று சிலர் எள்ளினர். எதற்காக மாறினால் என்ன, சுவரொட்டியில் தமிழ் வந்ததே! நம் படம் ஈராண்டு முன்னரே வந்துவிட்டதால் தப்பித்தது. அன்று வந்திருந்தால் 'தண்டல்காரன்' என்றே பெயர் பெற்றிருக்கலாம். வால் என்னவாயிருக்கும் என்றுதான் தெரியவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். அடுத்த திங்கள் கூட்டத்தின் முடிவில் இப்படத்தை இங்கேயே திரையிடச் செயலாளர் இசைந்துள்ளார். பிள்ளைகளோடும் பெண்டிரோடும் வாருங்கள், நன்றாகச் சிரியுங்கள். வரும்போது ஒன்று கொண்டுவாருங்கள். உங்கள் ஊர் மருத்துவமனை எதுவாயினும், அரசினதாயினும் தனியாரதாயினும், அங்கே அறுவைக்குமுன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தின் வெற்றுத்தாள் ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். சண்டையிடாமல் கேளுங்கள், கொடுப்பார்கள். தமிழில் இருந்தால் அம்மருத்துவமனைக்கு மன்றத்தின் பெயரால் பாராட்டு மடல் விடுப்போம். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், நம்மிடையே மருத்துவர் மூவரும் தமிழாசிரியர் பலரும் இருக்கின்றனர். அவர்கள் கூடியமர்ந்து எளிய தமிழில் ஆக்கிக் கொடுக்க முன்வந்துள்ளனர். அதை அம்மருத்துவமனைக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். கால்விரல், கைவிரல், கண், வயிறு என்று எந்த உறுப்புக்குரிய படிவமாயினும் சரி. முதல் படிவத்தை என் தாய்மாமன் படித்துப் பார்த்து, விளங்குகிறதா இல்லையா என்று சொல்வதாக இசைந்திருக்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவர்தாம் அவர்.